காய்ச்சலுக்குப் பிறகு வாசனை தெரியவில்லையா? பினாங்குத் தமிழர்களுக்கான கேள்வி பதில்கள்

கோவிட், இன்ஃபுளுவென்சா அல்லது சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்து குணமான பிறகும் வாசனை தெரியாமல் தவிப்பவர்களுக்கும், வாசனை திரிந்துபோய்ச் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுபவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடும் வீட்டாருக்கும் எழுதியது இது. "காய்ச்சல் போச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று இதைத் தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளிவிடக் கூடிய விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

மூக்கடைப்பு விட்டுவிட்டது, மூச்சும் தாராளமாக வருகிறது. வாசனை மட்டும் ஏன் வரவில்லை?

சளி பிடித்திருக்கும்போது வாசனை தெரியாததற்குக் காரணம் அடைப்பு. காற்று மேலே போக வழியில்லை. அடைப்பு நீங்கினால் வாசனையும் வந்துவிடும். உங்களுடையது வேறு வகை. மூக்கின் உச்சியில், ஏறக்குறைய இரு கண்களுக்கும் நடுவில், சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு சிறு திசுப்பகுதி இருக்கிறது. வாசனையைப் பிடிக்கும் நரம்பு செல்கள் அங்கேதான் உள்ளன. அவற்றின் இழைகள் நுண்துளைகள் நிறைந்த மெல்லிய எலும்பு வழியாக மூளைக்குச் செல்கின்றன. வைரஸ் இந்தத் திசுவைச் சேதப்படுத்திவிட்டால், மூச்சு எவ்வளவு நன்றாக வந்தாலும் வாசனை தெரியாது.

கோவிட் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்ற புரதம், அந்த நரம்பு செல்களைவிட அவற்றைத் தாங்கி நிற்கும் துணை செல்களில்தான் அதிகம் இருக்கிறது என்று 2020-லேயே ஆய்வாளர்கள் கண்டார்கள். துணை செல்கள் அழிந்ததும் நரம்பு செல்களும் நிலைகுலைகின்றன. ஆனால் வாசனை நரம்பு செல்களுக்கு உடலில் வேறு நரம்பு செல்களிடம் அரிதாகவே காணப்படும் ஒரு திறன் உண்டு: அடியில் உள்ள மூலச் செல்களிலிருந்து வாழ்நாள் முழுக்கப் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். நம்பிக்கை வைப்பதற்கு இடம் இருப்பது இதனால்தான்.

நாக்கில் ருசியும் தெரியவில்லையே. இரண்டும் சேர்ந்து போய்விட்டதா?

பெரும்பாலும் போனது வாசனை மட்டும்தான். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உப்பு, சர்க்கரை, புளி, பாகற்காய் நான்கையும் தனித்தனியாக நாக்கில் வையுங்கள். உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு பிரித்துத் தெரிந்தால் நாக்கு நன்றாக இருக்கிறது என்று பொருள். சாம்பாரை ரசத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது, மெல்லும்போது தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் வாசனை. அது நின்றதும் எல்லாம் வெறும் உப்பும் காரமுமாகத் தெரிகிறது.

காரம் வேறு ஒரு நரம்பின் வேலை. முகத்தில் சூடு, எரிச்சல், குளிர்ச்சி ஆகியவற்றை உணரும் அந்த நரம்புதான் சம்பலின் எரிச்சலையும் கோடாலித் தைலத்தின் சில்லிப்பையும் சொல்கிறது. ஆகவே "தைலம் தெரிகிறது, அப்படியென்றால் மூக்கு சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். காப்பித்தூள், ஏலக்காய், மல்லிகை இவற்றில் சோதித்தால்தான் உண்மை நிலை தெரியும்.

எவ்வளவு நாளில் திரும்பும்?

கோவிட் பற்றி ஓரளவு நல்ல கணக்கு இருக்கிறது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முன்னின்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கட்டுரையின்படி, வாசனை இழந்தவர்களில் 30 நாளில் சுமார் 74 விழுக்காட்டினரும், 90 நாளில் சுமார் 90 விழுக்காட்டினரும், ஆறு மாதத்தில் சுமார் 96 விழுக்காட்டினரும் மீண்டிருந்தார்கள். மிச்சமுள்ளவர்கள் சிலர் என்று தோன்றும். மலேசியாவில் பதிவான கோவிட் தொற்றுகளே 50 லட்சத்தைத் தாண்டியவை. வாசனை இழந்தவர்கள் அதில் ஒரு பகுதிதான் என்றாலும், அந்தச் "சிலர்" ஒரு பெரிய கூட்டம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் உங்களுக்கு மட்டும் ஏதோ விநோதமாக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடுவதும் இல்லை. ஓராண்டு, இரண்டாண்டு கழித்தும் முன்னேற்றம் கண்டவர்கள் இருக்கிறார்கள். வயது கூடக் கூட வேகம் குறையும். ஆரம்பத்தில் இழப்பு முழுமையாக இருந்தவர்களுக்கும் கூடுதல் காலம் பிடிக்கும்.

முகர்வுப் பயிற்சி என்கிறார்களே, அது என்ன? பலன் உண்டா?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறை இது. நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் கவனம் வைத்து முகர வேண்டும். அவர்கள் 12 வாரம் செய்ய வைத்தார்கள். ரோஜா, யூக்கலிப்டஸ் (நம் நீலகிரித் தைலம்), எலுமிச்சை, கிராம்பு என்ற நான்கையும் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பூ, பிசின், பழம், மசாலா உள்ளிட்ட வகைகளாக வாசனைகளைப் பிரித்து ஹான்ஸ் ஹென்னிங் என்பவர் 1916-இலேயே எழுதியிருந்தார். இந்த நான்கு வகைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி செய்தவர்கள் செய்யாதவர்களைவிட முன்னேறினார்கள். அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும், நீண்ட காலம் செய்தால் பலன் கூடுகிறது என்றும் வாசனைகளை இடையில் மாற்றிக்கொள்வது நல்லது என்றும் காட்டின.

எல்லாருக்கும் முழுமையாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் வைரஸுக்குப் பிந்தைய வாசனை இழப்புக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். செலவு குறைவு, பக்கவிளைவு பயமும் இல்லை.

நம்மூரில் கிடைப்பதை வைத்து எப்படிச் செய்வது?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவை ஒரு சுற்று சுற்றினாலே எல்லாம் கையில் வந்துவிடும். லெபோ பாசார் மளிகைக் கடைகளில் கிராம்பு, நீலகிரித் தைலம். லெபோ குவீன் மாரியம்மன் கோயில் பக்கம் போனால் பூ. எலுமிச்சை வீட்டிலேயே இருக்கும். பன்னீர் வாங்குவதாக இருந்தால் முதலில் வாசனை தெரிந்த ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சில புட்டிகளில் ரோஜா வாசம் பேருக்குத்தான் இருக்கும். நல்ல ரோஜா எண்ணெய் கிடைத்தால் அது இன்னும் வசதி. ரோஜாவே கிடைக்காவிட்டால் மல்லிகை வைத்துக்கொள்ளலாம்.

மூடியுள்ள சிறு கண்ணாடிப் புட்டிகள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் என்றால் பஞ்சில் சில துளி விட்டு உள்ளே வையுங்கள். கிராம்பை லேசாக இடித்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் வாசம் சரியாக வெளியே வராது. எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டால் ஓரிரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சீக்கிரமே பூசணம் பிடிக்கும். புட்டியின்மேல் பெயர் ஒட்டி வையுங்கள்.

பசியாறுவதற்கு முன் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை. தொலைக்காட்சி, கைத்தொலைபேசி இரண்டும் வேண்டாம். புட்டியை மூக்குக்குக் கீழே பிடித்து, 10 முதல் 20 விநாடி வரை சின்னச் சின்னதாக முகருங்கள். ஆழமாக இழுத்தால் காற்று நேரே நுரையீரலுக்குப் போய்விடும். மெல்லிய, குட்டி மூச்சுகளே மேலே உள்ள அந்தத் திசுவைத் தொடும். அரை நிமிடம் விட்டு அடுத்த புட்டி. நான்கும் முடிய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முகரும்போது அந்த வாசனையை நினைவுக்குக் கொண்டுவர முயலுங்கள். இந்தப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிராம்பென்றால் பிரியாணி தம் போட்டு மூடியைத் திறந்த கணம், அல்லது பல்வலிக்குப் பாட்டி வைத்துவிட்ட கிராம்புத் தைலம். எலுமிச்சையென்றால் ஊறுகாய் போட்ட நாள். மூக்கு புதிதாக அனுப்பும் அரைகுறைச் செய்திகளை மூளை மறுபடி படிக்கக் கற்க வேண்டியிருக்கிறது. வெறுமனே புட்டியை மூக்கில் காட்டிவிட்டு எடுத்தால் அந்த வேலை நடப்பதில்லை.

மூன்று மாதம் ஆனதும் நான்கையும் மாற்றலாம். செராய், பாண்டான் இலை, ஏலக்காய், ஆரஞ்சுத் தோல் என்று நம் சமையலறைப் பொருள்களே போதும். பாலிக் பூலாவ் பக்கம் விளையும் சாதிக்காயும் ஜாதிபத்திரியும் இதற்கு அருமையான சரக்கு.

நீலகிரித் தைலமும் கற்பூரமும் குழந்தைகள் வாயில் போனால் விஷம். புட்டிகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் நெடி மிகுந்த தைலத்தைத் தவிர்த்து மசாலாப் பொருள்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பல வாரமாகச் செய்கிறேன். புட்டியில் ஒன்றுமே தெரியவில்லை.

தொடருங்கள். முதலில் வருவது வாசனையாக இருக்காது. "ஏதோ இருக்கிறது" என்ற மெல்லிய உணர்வாக இருக்கலாம். பிறகு நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டுத் தெரியும். குறைந்தது ஆறு மாதம் விடாமல் செய்வது என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனை திரும்புகிறது, ஆனால் காப்பியும் வெங்காயமும் கோழியும் அழுகல் வாடை அடிக்கின்றன. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

உங்களுக்குப் பைத்தியம் எதுவும் இல்லை. இது வாசனைத் திரிபு. பெரும்பாலும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதிப்பட்ட வேளையில் வருவதால்தான் இவ்வளவு அதிர்ச்சி.

மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள், அதாவது வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கும் புரதங்கள், உண்டு. ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் கண்டறிந்தார்கள். 2004-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு காப்பி வாசனை என்பது பல ஏற்பிகள் சேர்ந்து எழுப்பும் சேதி. சேதத்துக்குப் பிறகு அவற்றில் சில மட்டும் முதலில் முளைத்து வருகின்றன. பாதிக் கட்டைகள் வேலை செய்யாத ஆர்மோனியத்தில் தெரிந்த பாட்டை வாசித்தால் எப்படிக் கேட்குமோ, அப்படித்தான் இதுவும். பாட்டு அதேதான், கேட்க முடிவதில்லை.

பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கர் குழுவினர் காப்பியை மூலக்கூறு மூலக்கூறாகப் பிரித்து, வாசனைத் திரிபு உள்ளவர்களை முகர வைத்தார்கள். கந்தகம் கொண்ட சில மூலக்கூறுகளும், வறுக்கும்போது உண்டாகும் பைரசீன் வகையும்தான் பெரும்பாலும் குமட்டலைக் கிளப்பின. மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்கைத் தாக்கக்கூடிய மூலக்கூறுகள் இவை. காப்பி, வெங்காயம், பூண்டு, முட்டை, வறுத்த இறைச்சி என்று எல்லார் பட்டியலும் ஒரே மாதிரி இருப்பதன் ரகசியம் இதுதான். டுரியானின் நெடியிலும் கந்தகச் சேர்மங்களே முன்னால் நிற்கின்றன, ஆகவே பழக் காலத்தில் கவனம்.

நரம்புகள் மறுபடி வளர்கின்றன என்பதற்கு இதை ஓர் அடையாளமாகவே பல நிபுணர்கள் பார்க்கிறார்கள். மாதக்கணக்கில் இழுத்தாலும் பெரும்பாலோருக்குப் படிப்படியாகத் தணிகிறது.

அதுவரை என்ன சாப்பிடுவது? மாமாக் கடைப் பக்கமே போக முடியவில்லை.

சூடு ஏற ஏற வாசனை எழும். ஆகவே ஆறவைத்த உணவு அல்லது குளிர்ந்த உணவு முதல் வழி. தயிர் சாதம், இடியாப்பம், இட்லி, வேகவைத்த பருப்பு, தவ்ஃபூ, சோயாப் பால், பப்பாளி, கொய்யா. வறுவல், பொரியல், வெங்காயம் வதக்கிய தாளிப்பு இவற்றைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்று புரதத்தையே விட்டுவிடாதீர்கள். பருப்பு, தவ்ஃபூ, தயிர் மூன்றையும் சுழற்சியாக வைத்துக்கொள்ளலாம். நாக்குக்கு இன்னும் புளிப்பும் காரமும் தெரியும், மொறுமொறுப்பும் தெரியும். லிமாவ் காஸ்தூரி பிழிந்த வெள்ளரிக்காயும் அன்னாசியும் பலருக்கு இறங்குகின்றன. பல்பசையின் புதினாவே குமட்டினால் புதினா இல்லாத பசை மாற்றிப் பாருங்கள்.

வீட்டில் சமைப்பவருக்கே இந்தத் திரிபு வந்தால்தான் பெரிய கஷ்டம். ஐந்து பேருக்குக் குழம்பு வைத்துவிட்டுத் தான் மட்டும் பட்டினி கிடக்கும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். சில மாதங்களுக்குத் தாளிப்பதையும் வறுப்பதையும் வேறொருவர் செய்யட்டும், அதுவும் பின்புறச் சமையலறையில், சன்னலைத் திறந்து வைத்து. அப்பாவோ மகனோ கரண்டி பிடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. உடல் எடை இறங்கிக்கொண்டே போனால் கிளினிக்குக்குப் போங்கள்.

எரியாத இடத்தில் புகை நெடி வருகிறது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

இல்லாத வாசனை தெரிவதும் வைரஸுக்குப் பிறகு வரக்கூடியதே. பெரும்பாலும் தானே அடங்கும். வலிப்பு, நினைவு தப்புதல், கடும் தலைவலி ஏதாவது கூட வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வருவதில் தவறில்லை.

மருந்து ஏதும் இல்லையா? ஸ்டீராய்டு, துத்தநாகம், வைட்டமின், கற்பூரம், ஆவி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வைரஸுக்குப் பிந்தைய வாசனை இழப்பை உறுதியாகக் குணமாக்கும் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. இதை முதலில் தெரிந்துகொண்டால் நிறைய வெள்ளி மிச்சமாகும். ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே, ஒவ்வாமையோ மூக்கினுள் வீக்கமோ இருந்தால் உதவும். ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடவே கூடாது, அது இரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றிவிடும்.

துத்தநாகம் கலந்து மூக்கில் விடும் சில தயாரிப்புகள் வாசனையையே கெடுக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது. மூக்கில் அதை விடாதீர்கள். வைட்டமின் ஏ, ஒமேகா-3 பற்றி ஆராய்ச்சி நடந்திருக்கிறது, நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது சளி தேங்கியிருந்தால் நல்லது. ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள், கொதிக்க வைத்து ஆறிய நீர்தான் வேண்டும். அரிதாக என்றாலும், மூளையைத் தாக்கும் அமீபா கொதிக்க வைக்காத நீர் வழியாக மூக்கினுள் புகுந்து உயிரைப் பறித்ததுண்டு.

மூக்கில் நெய்யும் எண்ணெயும் நாள்பட விட்டால் அது நுரையீரலில் இறங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கலாம். ஆவி பிடிப்பது அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், நரம்பை வளர்க்காது. கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுட்ட ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரையோடு தின்றால் வாசனை வரும் என்று பரவிய வீடியோவுக்கு ஆதாரம் ஏதுமில்லை.

புகைபிடிப்பவர்கள் நிறுத்துவது எந்த மாத்திரையைவிடவும் மூக்குக்குச் செய்யும் பெரிய உதவி.

வீட்டில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கேஸ் தோங்கில். சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றே மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை உங்களுக்கு எட்டாது. எரிவாயு கசிவு உணர்கருவி ஒன்றை வாங்கித் தரையை ஒட்டி, தோங்குக்கு அருகில் பொருத்துங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். புகை உணர்கருவியை மேல்கூரையில் பொருத்த வேண்டும். தூங்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி 999-ஐ அழையுங்கள். தனியாக இருக்கும் முதியவர் வீட்டில் இது இன்றே செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது உணவு. தேங்காய்ப் பால் சேர்த்த எதையும் நம் வெப்பத்தில் மதியம் தாண்டி வெளியே வைத்தால் நம்ப முடியாது. சமைத்த தேதியை டப்பாவில் எழுதிக் குளிர்பெட்டியில் வையுங்கள். சந்தேகமிருந்தால் வீட்டில் ஒருவரை முகரச் சொல்லுங்கள், ஆள் இல்லாவிட்டால் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ருசி இல்லையென்று உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போடுவது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ருசியைத் தேடிப் போய் அந்த நோயை வரவழைத்துக்கொள்ளக் கூடாது. புளி, மிளகு, இஞ்சி, எலுமிச்சையைக் கூட்டுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது? எங்கே?

ஒரு பக்க மூக்கில் மட்டும் இழப்போ அடைப்போ, மூக்கிலிருந்து அல்லது சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி, ஒரு காது மட்டும் அடைத்துக்கொள்வது ஆகியவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மூக்குத் தொண்டைப் புற்றுநோய் நம் நாட்டில் அரிதான நோய் இல்லை. தலையில் அடிபட்டபின் வாசனை போனாலும், காய்ச்சல் எதுவும் வராமலேயே மெல்ல மெல்லக் குறைந்தாலும் பரிசோதனை வேண்டும். பின்னது பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

காய்ச்சலுக்குப் பின் வந்த சாதாரண இழப்பு என்றால் பயிற்சியை உடனே தொடங்கிவிட்டு, மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் போகலாம். முதலில் அரசாங்க கிளினிக். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி. அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கி ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். மூக்கினுள் மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். அது வலிக்காது, கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

"இதெல்லாம் ஒரு நோயா" என்கிறார்கள் வீட்டில். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

இல்லை. நீண்ட காலம் வாசனை இழந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகம் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாமி அறையின் சாம்பிராணி, மழை விட்டபின் மண், குளித்துவிட்டு வந்த பிள்ளையின் தலை, அம்மாவின் பழைய சேலை என்று நம்மைச் சுற்றியுள்ளவர்களோடு நம்மைக் கட்டி வைத்திருப்பதில் பெரும்பகுதி வாசனைதான். அது நின்றதும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்பதாகத் தோன்றுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். தன் உடம்பு வாடை அடிக்கிறதோ என்ற பயத்தில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்தியவர்களும் உண்டு.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். "இன்னும் வரலையா?" என்று தினமும் கேட்காதீர்கள். புட்டிகளை எடுத்துக் கொடுத்து, கூட உட்கார்ந்து நீங்களும் முகர்ந்து, "இது கிராம்பு, கொஞ்சம் காரமா, இனிப்பா இருக்கு" என்று சொல்லுங்கள். பயிற்சிக்கும் அது உதவும். வெள்ளாடை உடுத்திய துக்கம்போல இந்தத் துக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் அது இல்லை என்றாகாது. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி பயிற்சி தொடங்கிப் பயன் உண்டா?

சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்பது உண்மை. ஆனால் காலம் கடந்து தொடங்கியவர்களிலும் முன்னேறியவர்கள் இருக்கிறார்கள், அந்தத் திசு இன்னும் புதுப்பித்துக்கொண்டேதான் இருக்கிறது. வாரம் ஒருமுறை நான்கு புட்டிகளுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நாளுக்கு நாள் பார்த்தால் மாற்றம் தெரியாது. மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். நிபுணரைப் பார்க்கப் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.